மகன் அனார்க்கிஸ்ட் என்கிறான், பயப்பட வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் தன்னை அனார்க்கிஸ்ட் என்கிறான். வீட்டில் எதைச் சொன்னாலும் "எனக்கு யாரும் உத்தரவு போடக் கூடாது" என்று பதில் வருகிறது. இணையத்தில் தேடினால் கொலையும் குண்டும்தான் கண்ணில் படுகின்றன. இது என்ன கொள்கை?

பதில்: அம்மா, நீங்கள் படித்தது பொய்யல்ல. 1900இல் இத்தாலி மன்னர் முதலாம் உம்பெர்ட்டோவையும், 1901இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியையும் சுட்டுக் கொன்றவர்கள் அனார்க்கிஸ்டுகள், அதாவது அரசே வேண்டாம் என்போர்தான். அந்தக் கறை இன்னும் போகவில்லை. ஆனால் வன்முறையை அறவே மறுத்த டால்ஸ்டாயையும் இதே மரபில் சேர்த்துத்தான் பேசுகிறார்கள்.

தன்னை அனார்க்கிஸ்ட் என்று முதலில் துணிந்து சொல்லிக்கொண்டவர் பிரெஞ்சுக்காரரான புரூதோன், 1840இல். அரசோ முதலாளியோ மதபீடமோ, மேலிருந்து ஆணையிடும் எவரும் அந்த உரிமை தமக்கு எப்படி வந்தது என்று காரணம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் இறங்கிவிட வேண்டும். இதுதான் இந்தக் கொள்கையின் உயிர்நாடி. விதியே கூடாது என்று இவர்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை. விதிக்குக் கட்டுப்படப் போகிறவர்களே கூடிப் பேசி அதை வகுக்க வேண்டும், ஒப்பாதவர் விலகிப்போக வழியும் இருக்க வேண்டும் என்றார்கள். உங்கள் மகன் பாதிப் பாடத்தில் நிற்கிறான் போலிருக்கிறது!

ரஷ்யப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த கிரொபோட்கினை அவன் படிக்கட்டும். சைபீரியக் கடுங்குளிரில் உயிரினங்கள் ஒன்றுக்கொன்று உதவிப் பிழைப்பதைக் கண்ட அனுபவத்திலிருந்து 1902இல் 'பரஸ்பர உதவி' என்ற நூலை எழுதினார். பல நாட்டு ரயில் நிறுவனங்கள், தங்களுக்கு மேலே ஓர் அதிகார பீடம் இல்லாமலே ஒப்பந்தம் செய்துகொண்டு ஐரோப்பா முழுவதும் வண்டி விடவில்லையா என்று வேறோரிடத்தில் கேட்டார். நல்ல கேள்வி.

கம்யூனிசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொழிலாளர் பெயரால் ஆள்கிறவர்களும் நாளடைவில் ஆள்வோர் கூட்டமாகவே ஆகிவிடுவார்கள் என்று மார்க்ஸோடு மோதினார் ரஷ்ய அனார்க்கிஸ்டான பகூனின். 1872இல் ஹேக் மாநாட்டில் அவரை 'அகிலம்' எனப்பட்ட பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள்.

எனக்குச் சந்தேகம் எழுவது ஸ்பெயினை நினைக்கும்போது. 1936இல் பார்சிலோனாவில் தொழிலாளர்களே டிராம்களையும் ஆலைகளையும் எடுத்து நடத்தினார்கள், நடந்தது. ஆனால் எதிரே, உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி பிராங்கோவின் படை. போர் நெருக்கியதும் அதே ஆண்டு நவம்பரில் அனார்க்கிஸ்டுகள் நால்வர் அரசில் அமைச்சர்களாகவே சேர்ந்தார்கள். அரசே இல்லாமல் ஒரு படையெடுப்பை எப்படித் தாங்குவது? இதற்கு மனம் நிறையும் பதிலை நான் இதுவரை படித்ததில்லை. மகனைக் கேட்டுப் பாருங்கள், அவனாவது சொல்லட்டும்.

வீட்டு விஷயத்துக்கு ஒரு யோசனை: உத்தரவு போடுவதை நிறுத்துங்கள். எந்த வேலையை யார் செய்வது என்று எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம், வா என்று அழையுங்கள். அவன் கொள்கைப்படி அதை மறுக்க முடியாது. அந்தப் பேச்சில் சில இடங்களில் உங்கள் பக்கமும் தோற்கும். அதற்குத் தயாராகவே உட்காருங்கள்.