ரிப்பேரே செய்யாத நெடுஞ்சாலை அடுத்த வருடக் கணக்கில் 'தேறிவிடுகிறது'. சாலையின் மேடுபள்ளத்தை லேசரால் அளக்கும் வண்டி வாங்கினால் இந்தத் தரவு சரியாகுமா?

வண்டியை அப்புறம் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாலைகளை அளக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒரு கூடை தார்க்கலவைகூடப் போடாத சாலை தானாகத் தேறியதாகக் கணக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, இரண்டு வருடமும் அளந்தது ஒரே இடத்தைத்தானா என்பதுதான்.

பெரும்பாலும் நூறு மீட்டருக்கு ஒரு சராசரி என்று பதிவு செய்வார்கள். போன வருடம் தொடங்கிய இடத்திலிருந்து இந்த வருடம் ஐம்பது மீட்டர் தள்ளித் தொடங்கினால், மோசமான ஒரு துண்டு பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரிந்து, இரண்டு நூறு மீட்டருமே 'பரவாயில்லை' ரகத்தில் வந்துவிடும். இங்கே தேசிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் சாலை எண், பிரிவு, கிலோமீட்டர் எழுதிய சிறிய நீலப் பலகைகள் உண்டு. ஜிபிஎஸ் இருந்தாலும் அந்தப் பலகையைத் தாண்டும்போது ஒரு பொத்தானை அழுத்திக் குறித்துக்கொள்வது பிற்பாடு பெரிய தலைவலியை மிச்சப்படுத்தும்.

அடுத்தது லேன். என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்துதான் ஏறும். சர்வே டிரைவர் பொறுமை இழந்து வலது லேனுக்கு மாறினால், அவ்வளவு தூரத்துக்கும் லாரி மிதிக்காத நல்ல தடத்தின் எண்கள் லாரித் தடத்தின் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். சரி, பின்னாலேயே ஊர்ந்து போனால்? வேகம் ரொம்பக் குறைந்தாலும் திடீரென்று பிரேக் போட்டாலும் லேசர் கருவியின் அளவே கெட்டுப்போகும். அந்தப் பகுதியைச் 'செல்லாது' என்று குறித்துவிட்டு, லாரி குறைந்த நேரத்தில் மறுபடி ஓட்ட வேண்டியதுதான். வெற்றிடத்தை முன்பின் எண்களின் சராசரியால் நிரப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஐஆர்ஐ என்கிற மேடுபள்ள அளவே, ஆளுக்கொரு வண்டியில் அளந்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாததால் 1982-இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனையிலிருந்து வந்ததுதான். அதனால் உங்களுக்கும் தராசுக்குப் படிக்கல் மாதிரி ஒரு சோதனைத் துண்டு வேண்டும். சில நூறு மீட்டர் சாலையை மட்டமானியும் அளவுகோலும் வைத்து நிதானமாக அளந்து வைத்துக்கொண்டு, சர்வே தொடங்கும் முன்பும், நடுநடுவேயும், டயர் மாற்றினாலும் அதன்மேல் வண்டியைப் பலமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண் தாவினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியானாலும் பயனில்லை.

ஆனால் ஐஆர்ஐ மட்டும் போதாது, எங்கள் ஊரில் குறிப்பாகப் போதாது. தென்னாப்பிரிக்காவில் பல சாலைகளில் மேலே மெல்லிய தார்ப்பூச்சுதான், பாரத்தைத் தாங்குவது கீழே இறுக்கிய ஜல்லி அடுக்கு. ஓட்டிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும், ஆனால் முடி போன்ற வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை விட்டுச் சாலை காயும் நேரத்தில் போங்கள், வெடிப்பில் மட்டும் ஈரம் தங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும். லாரி போன பிறகு அந்தக் கோட்டிலிருந்து வெளுத்த சேறு கசிந்திருந்தால் கீழ் அடுக்கு கரைய ஆரம்பித்துவிட்டது.

கண்பார்வை மதிப்பீட்டுக்கு இங்கே டிஎம்எச் 9 என்ற கையேடு இருக்கிறது. பழுதின் தீவிரத்துக்கு ஓர் எண், பரவலுக்குத் தனி எண். இரண்டையும் குழப்பி, ஒரே ஒரு மோசமான பள்ளத்துக்காகச் சாலை முழுவதையும் தாழ்த்திவிடுவார்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு 3 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு பேரை ஒரே துண்டைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லி ஒப்பிட்டால் யார் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

புதிய வண்டிக்குப் பணம் கேட்பதற்கு முன்னால், 'தேறிய' துண்டுகளை மட்டும் பட்டியல் எடுத்துப் பராமரிப்புப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். சிலவற்றில் வேறொரு கான்ட்ராக்டர் உண்மையிலேயே தார் போட்டிருப்பார், யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மீதியை அடுத்த சர்வே டெண்டரில் கவனியுங்கள்: ஒரு சிறு பங்கை வேறு குழு மறுபடி அளக்கும், எந்தப் பங்கு என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம், இரண்டும் ஒத்துப்போனால்தான் பில் பாஸ் ஆகும் என்று எழுதிவிடுங்கள்.