மேலூர் அப்பாவுக்கு: நிலம் இருக்கட்டும், மகள் கெமிஸ்ட்ரியே படிக்கட்டும்

போன வாரம் மகளோடு வந்திருந்தீர்கள். மடியில் நஞ்சை நிலத்தின் பத்திரம். "மச்சான் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பேசி முடித்துவிட்டார். இவள் கெமிஸ்ட்ரிதான் வேணும்னு அழுகிறாள், பயமா இருக்கு சார்" என்றீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் நிலத்தை விற்று நன்கொடை கட்டுவதற்கு நான் தலையாட்ட மாட்டேன். நன்கொடை வாங்குவதே தமிழ்நாட்டில் 1992-லிருந்து சட்டப்படி குற்றம். கொடுத்த பணத்துக்கு ரசீதுகூட வராது.

நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது உங்கள் மகள் ஒன்று கேட்டாள். "பீரோவில் ஒரு வருஷமா சும்மா கிடந்த அப்பாவோட பழைய போன் ஏன் சார் உப்பிப்போச்சு? யாரும் தொடவே இல்லையே."

இந்தக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். பேட்டரி சும்மா கிடந்தாலும் உள்ளே லித்தியத்தைக் கடத்தும் எலக்ட்ரோலைட் என்ற திரவம், மின்சாரம் ஏறி இறங்கும் மின்முனையோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். அதில் வரும் வாயுதான் உப்ப வைக்கிறது. அடுத்த தலைமுறை பேட்டரிக்குப் பெரிய தலைவலியே இதுதான். இப்போது ஒரு மின்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கான் வைத்தால், மின்சாரத்தைச் சுமக்கும் லித்தியத்தை எடைக்கு எடை ஏறத்தாழ பத்து மடங்கு பிடிக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் பருத்துவிடும். அதன்மேல் படிந்த காப்புப் படலம் வெடிக்கும், புதுப் படலம் உருவாகும், ஒவ்வொரு முறையும் லித்தியமும் திரவமும் கொஞ்சம் செலவாகிக் குறையும். அதைத் தடுக்கத்தான் ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் என்ற சேர்மத்தைக் கொஞ்சம் கலக்கிறார்கள். அது நல்ல படலம் தரும். ஆனால் அதுவும் தீர்ந்துபோகும், சூட்டில் சிதையும். நம் மதுரை வெயிலில் வருஷக்கணக்கில் கெடாமல் இருக்க எதைக் கலக்கலாம் என்று தேடுவது வேதியியல் படித்தவர்களின் வேலை.

அந்த வேலை நடக்கும் இடம் உங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸிலேயே இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவானது. அதன் பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம்.

இப்போது மதுரையில் பி.எஸ்சி. வேதியியல். அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக் மூன்றிலும் விண்ணப்பம் போடுங்கள். அரசு உதவி பெறும் பிரிவை முதலில் கேளுங்கள், சுயநிதிப் பிரிவில் கட்டணம் கூடுதல். மூன்றாம் வருஷம் ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் தேறினால் ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்சி. படிக்கலாம். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. அதாவது பிஎச்.டி.க்கு நீங்கள் ஒரு ரூபாய் எடுத்து வைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஐந்து வருஷத்துக்கு அவள் சம்பாத்தியம் வீட்டுக்கு வராது, நெட் தேர்வும் சுலபமில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும் சொந்தக்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அவள் இல்லை. மச்சானிடமும் நீங்களே பேசுங்கள்.

விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும். பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வையுங்கள். அந்த உப்பிய போனை மட்டும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். சார்ஜ் போட வேண்டாம், குத்திப் பார்க்க வேண்டாம்.