பெட்டியின் திறப்பு யாரிடம்?

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், மாநிலப் பொருளாளர் தேர்தலில் வாக்குப் போட்டதாகச் சொன்னார். பொருளாளருக்கு எதற்குத் தேர்தல்? அங்கே அவர்தான் நிதி அமைச்சரா?
– வாசகர், கிளிநொச்சி

இல்லை. வரி எவ்வளவு, செலவு எதற்கு என்பதையெல்லாம் சட்டசபையும் ஆளுநரும் தீர்மானிப்பார்கள். பொருளாளரிடம் இருப்பது பெட்டியின் திறப்பு. மாநிலத்தின் வங்கிக் கணக்குகளைப் பார்ப்பது, உடனே தேவைப்படாத காசைக் குறுங்காலத்துக்கு முதலிடுவது, பல மாநிலங்களில் கடன்பத்திரம் வெளியிடுவது ஆகியவை அவருடைய வேலை.

இலினொய் மாநிலத்தில் ஒரு வீதி வேலைக்கு பில் வந்தால், திணைக்களம் சரிபார்த்துக் கணக்குக் கட்டுப்பாட்டாளருக்கு அனுப்பும். சட்டசபை ஒதுக்கிய தொகையில் மிச்சம் இருந்தால் அவர் கொடுப்பனவு ஆணை எழுதுவார். ஆணை இல்லாமல் பொருளாளர் ஒரு சதமும் விட முடியாது. பொருளாளர் காசு விடாவிட்டால் ஆணை வெறும் தாள்தான். இருவரும் தனித்தனியே மக்களால் தெரிவாகிறவர்கள், ஆகவே ஒருவர் மற்றவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. தேர்தலின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

இந்த வழக்கம் பட்டுத் தெளிந்து வந்தது. 1830களில் மாநிலங்கள் கால்வாய், ரயில் பாதை, வங்கி என்று கண்மண் தெரியாமல் கடன்பட்டன. 1840களின் தொடக்கத்தில் எட்டு மாநிலங்கள் தவணை கட்ட முடியாமல் நின்றன. ஆளுநரையும் சட்டசபையையும் நம்பிக் காசை விட முடியாது என்று சனம் நினைத்த காலம் அது. நியூயோர்க் 1846இல் எழுதிய அரசியலமைப்பில் பொருளாளரை மக்களே தெரிவுசெய்ய வேண்டும் என்றாக்கியது, வேறு மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. மேய்ன், மேரிலாந்து, நியூ ஹாம்ப்ஷயர், டெனசி ஆகிய நான்கிலும் இன்றும் சட்டசபைதான் பொருளாளரைத் தெரிவுசெய்கிறது.

பதவியையே எடுத்துவிட்ட இடங்களும் உண்டு. டெக்ஸாஸ் 1995இலும் மினசோட்டா 1998இலும் மக்கள் வாக்கெடுப்பால் அதை ஒழித்தன. இன்னோர் அலுவலகம் செய்யக்கூடிய வேலைக்குத் தனிச் செலவு ஏன் என்ற நியாயம் சரியானதுதான். ஆனாலும் ஆணை எழுதுகிறவரும் காசு விடுகிறவரும் ஒரே ஆளாவது எங்களுக்கு உவப்பாயில்லை.

தெரிவானவர் என்பதால் மட்டும் காசு தப்பிவிடாது. கலிபோர்னியாவின் ஒரேஞ்ச் கவுண்டியில் (கவுண்டி என்பது எங்கள் மாவட்டம் போன்றது) மக்கள் தெரிவான பொருளாளர் ரொபேர்ட் சிற்றன் குறுங்காலக் கடன் வாங்கி நீண்டகாலப் பத்திரங்களில் போட்டார். வட்டி ஏறினால் கதை கந்தல் என்று 1994 தேர்தலில் எதிர்த்து நின்றவர் சொல்லியும் சனம் சிற்றனையே தெரிவுசெய்தது. அந்த ஆண்டே வட்டி ஏறியது. சுமார் 160 கோடி டொலர் போய், டிசம்பரில் கவுண்டி வங்குரோத்தானது.

இறந்த மாமாவின் பெயரில் பென்சில்வேனியா திறைசேரியில் காசு கிடப்பதாகவும், முதலில் கட்டணம் அனுப்பச் சொல்லியும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, முள்ளியவளை

காசை அனுப்பாதீர்கள். உரிமை கோராத வங்கி வைப்பு, காப்புறுதிப் பணம் போன்றவற்றை அந்த மாநிலத் திறைசேரி வைத்திருப்பது உண்மை, ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க அது கட்டணம் கேட்பதில்லை. மாமா பெயரை மாநிலத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பெயர் இருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசு உரிமைக்கான ஆவணமும் கேட்பார்கள். மாமா வேறு மாநிலத்திலும் இருந்தவர் என்றால் அங்கும் தேடுங்கள். கலிபோர்னியாவில் இந்த வேலை பொருளாளரிடம் இல்லை, கணக்குக் கட்டுப்பாட்டாளரிடம் இருக்கிறது.

எங்கள் வடமாகாணத்துக்கு இப்படித் தெரிவான பொருளாளர் உண்டா?
– மாணவர், வவுனியா

இல்லை. 1931இல் இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பிலேயே நிதி, தெரிவாகாத நிதிச் செயலாளரிடம்தான் இருந்தது. 1947இல்தான் ஜே. ஆர். ஜயவர்தன முதல் நிதி அமைச்சரானார். இன்றும் திறைசேரிச் செயலாளர் நியமனம் பெறுகிறவர். மாகாண நிதியைப் பிரதம செயலாளரின் கீழுள்ள உத்தியோகத்தர்கள் நடத்துகிறார்கள். 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்த பிறகும் சம்பளம் தடையில்லாமல் வந்தது அதனால்தான்.

கமக்கார அமைப்புக்குப் பொருளாளராக என்னைத் தெரிவுசெய்துவிட்டார்கள். அவசரத்துக்கு உதவும் என்று தலைவர் வெற்றுக் காசோலைகளில் கையொப்பம் கேட்கிறார். போடலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

போடாதீர்கள். தலைவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அந்தக் கையொப்பத்தோடு நீங்கள் பொருளாளராக இல்லாமல் போகிறீர்கள். முதலில் கூட்டத் தீர்மானம், பிறகு பில், தலைவர் ஒப்பமிட்ட வவுச்சர், கடைசியில்தான் காசோலை. பெக்கோ வாய்க்காலில் இறங்கிய பிறகு தீர்மானம் எழுதுவதால்தான் அரைவாசிச் சண்டை வருகிறது.

வாங்கிய காசுக்கு அன்றே பற்றுச்சீட்டு எழுதுங்கள். பிழைத்த சீட்டைக் கிழிக்காமல், இரண்டு பிரதியையும் குறுக்கே கோடிட்டுப் புத்தகத்திலேயே விடுங்கள். சேர்ந்த காசை அப்படியே வங்கியில் போடுங்கள். அதிலிருந்து டீசலுக்கு எடுத்து மிச்சத்தைப் போட்டால் எந்தக் கணக்கும் பொருந்தாது. சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாய் தனியே வைத்து, முடிய முடிய பில்லுக்கு நிரப்புங்கள்.

மாதம் ஒருமுறை காசேட்டை வங்கிக் கூற்றோடு ஒப்பிடுங்கள். காசேட்டில் 84,600, வங்கியில் 97,100 என்றால் 12,500 கூட இருக்கிறது என்று மகிழ வேண்டாம். நீங்கள் கொடுத்த காசோலை ஒன்று இன்னும் மாற்றப்படாமல் யாருடைய சட்டைப் பையிலோ கிடக்கும். ஆறு மாதம் தாண்டினால் வங்கி அதை ஏற்காது, புதிதாக எழுத வேண்டும்.

பொறுப்பேற்கும்போது எழுதாத பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் எண்ணி வாங்கிப் பட்டியலில் இருவரும் ஒப்பமிடுங்கள். புதிய நிர்வாகத் தெரிவின் கூட்டக் குறிப்புப் பிரதியோடு வங்கிக்குப் போய்க் கையொப்பத்தை மாற்றுங்கள். பழைய பொருளாளர் வெளிநாடு போன பிறகு இதை நினைத்தால், சிறுபோகத்துக்கு வாய்க்கால் துப்புரவாக்கக் காசு கணக்கில் இருந்தும் எடுக்க முடியாமல் நிற்பீர்கள்.