ஸ்டிக்கர் ஒட்டாத கார்

அன்புள்ள சார்,

பல்கேரியாவில் சில வருஷம் வேலை பார்த்த நண்பர் சொன்னார்: "கம்யூனிஸ்ட் காலத்தில் கதவைப் பூட்டாமல் தூங்கினோம் என்று அங்கே பெரியவர்கள் புலம்புகிறார்கள்." அப்படியானால் திருட்டையும் லஞ்சத்தையும் கொண்டுவந்தது ஜனநாயகம்தானா?

கே.

அன்புள்ள கே.,

அவர்களுடைய பயம் பொய்யில்லை. ஆனால் பயமுறுத்தியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பல்கேரியா மல்யுத்தத்துக்குப் பேர்போன நாடு. அரசே விளையாட்டுப் பள்ளி நடத்தி வீரர்களை வளர்த்தது. 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் தலைவர் ஷிவ்கோவ் பதவி இழந்த பிறகு அந்தப் பணம் வற்றியது. உடல்பலத்தைத் தவிர வேறு பிழைப்பு தெரியாத பையன்கள் கடை கடையாக மாமூல் வசூலிக்கக் கிளம்பினார்கள். வேலைபோன போலீஸ்காரர்களும் உளவுத்துறை ஆட்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் செக்யூரிட்டி நிறுவனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1994இல் அரசு உரிமத்தில் கெடுபிடி காட்டியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியாக மாறினார்கள். பாலிசி எடுத்தால் கார் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். அது இல்லாத கார் காணாமல் போகும். அது இருந்தும் தொலைந்தால் அவர்களே தேடிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கடைகளிலும் இதே ஏற்பாடுதான்.

போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். பக்கத்து நாடான யூகோஸ்லாவியா மீது ஐ.நா. தடை இருந்த வருஷங்களில் பல்கேரிய எல்லை வழியாக எரிபொருள் கடத்தல் அமோகமாக நடந்தது. அதிகாரிகளின் துணையில்லாமல் அது நடந்திருக்குமா? அதைப் பார்த்த மனிதர் எந்த நம்பிக்கையில் புகார் எழுதுவார்? 1996 அக்டோபர் 2 அன்று முன்னாள் பிரதமர் லுக்கானோவையே தலைநகர் சோபியாவில் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். திருடன் எல்லா ஊரிலும் உண்டு, கே. போலீஸ் யார் பக்கம் என்று தெரியாததுதான் அந்த மக்களைத் தூங்கவிடவில்லை.

பூட்டாத கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று குற்றம் குறைவுதான். ஆனால் பத்திரிகைகள் அரசின் கையில் இருந்ததால் நடந்ததும் வெளியே வரவில்லை. டான்யூப் நதியில், அரசியல் கைதிகளை அடைத்துவைத்த பெலேனே தீவு முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வீட்டில் பயம் இல்லையா?

ஜனநாயகத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசின் சொத்தெல்லாம் தனியார் கைக்கு மாறியபோது அதைக் கேள்வி கேட்கும் நீதிமன்றம் தயாராக இல்லை. 2020 கோடையில் சோபியா வீதிகளில் மாதக்கணக்கில் போராடியவர்கள் பழைய ஆட்சியைத் திரும்பக் கேட்கவில்லை. பிரதமரோடு தலைமை அரசு வழக்கறிஞரும் விலக வேண்டும் என்றே கேட்டார்கள்.