தட்டு கொண்டுவரச் சொன்னால் தட்டு கொண்டுபோகாதீர்கள்

மெல்பர்னுக்கு வந்து மூன்று வாரமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வாடகை வீட்டுக்கு முன்பணம் எவ்வளவு, எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம், பழைய கார் வாங்கலாமா. கடைசியாக, அலுவலகத்தில் ஒருவர் சனிக்கிழமை பார்பெக்யூவுக்கு, அதாவது வெளியில் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்துக்கு, அழைத்து 'பிரிங் எ பிளேட்' என்றாராம். காகிதத் தட்டு ஒரு கட்டு வாங்கிப் போனால் போதுமா என்று.

முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தட்டு வேண்டாம், தம்பி. நாலு பேர் எடுத்துச் சாப்பிடும்படி ஏதாவது சமைத்தோ வாங்கியோ கொண்டு வா என்பதுதான் அதற்குப் பொருள். 1998 டிசம்பரில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கணவருடன் வேலை பார்த்தவர் வீட்டில் விருந்து. பாவம், கூட்டம் அதிகம், தட்டு போதவில்லை போலும் என்று நினைத்து, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகளில் ஆறைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன். அந்த வீட்டு அம்மாள் பிரித்தார். தட்டைப் பார்த்தார், காலிப் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆறையும் கழுவி, வெட்டிய தர்ப்பூசணியை அவற்றிலேயே அடுக்கி வைத்தார். அவருடைய வயதான தகப்பனார் தட்டின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவி, என்ன எழுதியிருக்கிறது என்றார். 'பெரிய மாமா அன்பளிப்பு' என்பதை என் அன்றைய ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

எனக்குப் பேராவூரணிப் பக்கம். எங்கள் ஊரில் மொய் விருந்து என்றால் பணத்தோடு போக வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். அன்னதானம் என்றால் வெறுங்கையோடு போய்ப் பந்தியில் உட்காரலாம். கூட்டாஞ்சோறு என்றால் ஆளுக்கொரு பிடி அரிசி. யார் செலவு, யார் என்ன கொண்டுவருவது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஊர்ச் சொற்களும் அப்படித்தான். நமக்குத்தான் அவை பழக்கமில்லை.

'பி.ஒய்.ஓ.' என்றால் உங்கள் பானத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். சில வீடுகளில் இறைச்சியும் அப்படியே. அடுப்பும் ரொட்டியும்தான் அவர்களுடையவை. இது தெரியாமல் யாரோ தனக்கென்று கொண்டுவந்த நான்கு சாசேஜை (கொத்திய இறைச்சியைக் குழலாக அடைத்தது) நாங்கள் இருவரும் தின்று தீர்த்திருக்கிறோம். ஆறு மணிக்கு 'டீ'க்கு வரச் சொன்னால் அது இரவுச் சாப்பாடாகவும் இருக்கலாம். வீட்டிலேயே சாதம் சாப்பிட்டுவிட்டுப் போய், ஆட்டுக்கால் ரோஸ்ட் முன்னால் விழித்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. புரியவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இன்னொன்று, இதுதான் என்னை அழவைத்தது. நம் ஊரில் முதலில் வேண்டாம் என்போம், மறுபடி கேட்டால் போதும் என்போம், மூன்றாம் முறை இலையில் விழுந்துவிடும். இங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் தட்டம் நகர்ந்துவிடும். அன்று கடைசிவரை அது என் பக்கம் திரும்பவே இல்லை. பசித்தால் உடனே கை நீட்டுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் சாசேஜ் எதில் செய்தது என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மாடுதான். சைவம் என்றால் அடுப்புத் தகட்டின் ஒரு மூலையில் அலுமினியத் தாள் விரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுப்பார்கள்.

இருபது வருடமாக இங்கே இருந்தும் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுப் பின்கட்டைப் பார்க்காத நம்மவர்கள் இருக்கிறார்கள். 'அவர்களுக்கு விருந்தோம்பலே தெரியாது, சாப்பாட்டையும் நம்மையே கொண்டுவரச் சொல்கிறார்கள்' என்று அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்களே நம் பொங்கல் ஒன்றுகூடலுக்கு யார் எதைக் கொண்டுவருவது என்று பட்டியல் போட்டு அனுப்புவார்கள். அந்தப் பட்டியலையும் யாரும் மதிப்பதில்லை. ஒரு வருடம் ஏழு பாத்திரம் தயிர்சாதம் வந்தது. ஒன்றுமே கொண்டுவராதவர்தான் கடைசியில் டப்பாவில் பிரியாணி கட்டிக்கொண்டு போனார்.

பூங்காக்களில் மின்சார அடுப்பு பல இடங்களில் இலவசம். பொத்தானை அழுத்தினால் சூடாகும், சிறிது நேரத்தில் தானே அணையும், மறுபடி அழுத்த வேண்டும். எழுந்து போகும்போது தகட்டைத் துடைத்துவிட்டுப் போங்கள். அதை நம்மவர்கள் செய்வதில்லை என்று ஒருமுறை என் காதுபடவே பேசினார்கள். கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் திறந்தவெளியில் விறகு, கரி அடுப்பு மூட்டவே கூடாது. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் மூன்று கல் வைத்துப் பொங்கிய நினைப்பில் எதுவும் செய்துவிடாதீர்கள்.

தேர்தல் இங்கே சனிக்கிழமையில் வரும். வாக்களிப்பது கட்டாயம். வாக்குச்சாவடியாகும் பள்ளிகளில் பெற்றோர் சாசேஜ் சுட்டு விற்றுப் பள்ளிக்கு நிதி சேர்ப்பார்கள். 'டெமாக்ரசி சாசேஜ்' என்று அதற்குப் பெயர். 2016-ல் ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையம் அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. உங்களுக்கு வாக்கு இல்லாவிட்டாலும் ரொட்டியில் மடித்துக் கொடுப்பார்கள். நான் குடியுரிமை வாங்கி முதல் வாக்குப் போட்ட அன்று, வெங்காயம் சொட்டச் சொட்ட ஒன்றைத் தின்றுகொண்டே வரிசையில் நின்றேன்.

தட்டுகள் ஐந்துதான் திரும்பி வந்தன. ஆறாவதை அந்தப் பெரியவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைக்குப் பருப்பு வடை கொண்டுபோங்கள். ஆறினாலும் நன்றாக இருக்கும். காரத்தைப் பாதியாகக் குறையுங்கள், சின்னதாகத் தட்டுங்கள். ஒரு கையில் குவளையோடு நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்கள். சட்னி வேண்டாம், புல்தரையில் சிந்தும். பாத்திரத்தின் அடியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.