வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரையா?

கேள்வி: “அறிக்கையை அன்டில் ஃப்ரைடே (until Friday) தருவேன்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேலதிகாரி ‘பை ஃப்ரைடே’ (by Friday) என்று திருத்தினார். என்ன வித்தியாசம்? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, விடை நம் தமிழிலேயே இருக்கிறது. ‘பை’ என்றால் வெள்ளிக்குள். புதனே கொடுத்தாலும் சரி. ‘அன்டில்’ என்றால் வெள்ளி வரை. அதுவரை நிலைமை தொடரும். காலி வீதிக் கடை ஒன்பது மணி வரை திறந்திருந்தால் ‘அன்டில் நைன்’.

புறக்கோட்டையில் என் முதல் வேலை. திங்கள் வரை விடுமுறை என்று சொல்ல நினைத்து, ‘ஒன் லீவ் பை மண்டே’ (on leave by Monday) என்று எழுதிவிட்டேன். விடுமுறை இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி, வெள்ளியன்றே கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில். இன்றும் மறக்க முடியவில்லை.

அப்புறம், ‘நொட் அன்டில் ஃப்ரைடே’ என்று பதில் வந்தால், வெள்ளிக்கு முன் கிடைக்காது என்று அர்த்தம்.