பழைய கோயில்களைப் படம் எடுக்கும்போது கம்பி, பலகை, குப்பைத்தொட்டி எல்லாம் விழாமல் எடுப்பது எப்படி?

கோயில், கோட்டை, அரண்மனை என்று பழைய கட்டடங்களை எடுக்கும்போது மின்கம்பி, போகஸ் லைட், அறிவிப்புப் பலகை, நிறுத்தி வைத்த வண்டி எதுவும் வராமல் கட்டடம் மட்டும் வர என்ன வழி, முடியாவிட்டால் போனிலேயே அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் சோழர் கோயில்களை எடுப்பவன். அதனால் தஞ்சைப் பெரிய கோயிலையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்தே சொல்கிறேன்.

அழிப்பதைப் பற்றிக் கடைசியில் பேசலாம், அதில் எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் முக்கால்வாசி, நாம் எங்கே போய் நிற்கிறோம் என்பதுதான்.

பெரிய கோயிலில் கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் இரண்டையும் தாண்டி உள்ளே வந்ததும் பலரும் செய்வது ஒன்று. நந்தி மண்டபத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, விமானம் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) முழுசாக வரவேண்டும் என்று வைட் லென்ஸுக்குப் போவார்கள், போன் என்றால் 0.5. வைட் லென்ஸில் அருகில் உள்ளது பெரிதாகவும் தூரத்தில் உள்ளது சிறிதாகவும் விழும். பத்தடியில் இருக்கும் எவர்சில்வர் தடுப்பும் குப்பைத்தொட்டியும் கீழ்ப்பாதியை அடைத்துக்கொள்ள, 13 நிலை விமானம் அவற்றுக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கும். இதற்கு மாற்று, பின்னால் போவது. இந்தக் கோயில் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது. உள் திருச்சுற்று, அதாவது மதிலுக்குள் இருக்கும் பிரகாரம், கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், தெற்கு வடக்காகச் சுமார் 120 மீட்டர். தென்கிழக்கு மூலைப் பக்கம் போய், 50 முதல் 70 மி.மீ. லென்ஸில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். கோணம் குறுகிவிடுவதால் இரண்டு பக்கமும் இருக்கும் விளக்குக் கம்பம், பலகை எல்லாம் தானாகவே சட்டத்துக்கு வெளியே போய்விடும். விமானமும் தன் உண்மையான கனத்தோடு நிற்கும். வடக்குப் பக்கம் இதையே செய்தால் அம்மன் சன்னதி குறுக்கே வரும், அதனால்தான் தெற்கைச் சொல்கிறேன்.

சரி, தூரம் போக இடமே இல்லாத கோயில்? அங்கே கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தரையில் கிடப்பதெல்லாம் மறையும், ஆனால் கட்டடம் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதுபோல் ஆகிவிடும். சாய்க்காமல், கேமராவை மட்டமாக வைத்து எடுங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெறும் தரை, செருப்பு, வாளி, ஒயர் என்று வரும். வரட்டும். வீட்டுக்கு வந்து அந்தக் கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். சுவர்கள் நேராக நிற்கும், குப்பையும் போயிருக்கும். கட்டடங்களுக்கென்றே வரும், கேமராவைச் சாய்க்காமல் மேலே கீழே நகர்த்தக்கூடிய விலை உயர்ந்த ஷிப்ட் லென்ஸ் செய்வதும் அடிப்படையில் இந்த வேலையைத்தான். பிக்சல் கொஞ்சம் குறையும், இணையத்தில் போடவும் சின்ன அளவில் அச்சிடவும் அது தாராளமாகப் போதும்.

இன்னொன்று, அரை அடி நகர்வது. இதைப் பலர் மதிப்பதே இல்லை. மதிலை ஒட்டி ஓடும் திருச்சுற்று மாளிகைக்குள் நின்று தூண்களுக்கு நடுவே விமானத்தைப் பாருங்கள். இடது காலிலிருந்து வலது காலுக்கு உடம்பை மாற்றினாலே ஒரு விளக்குக் கம்பம் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முழங்காலிட்டால் தூரத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி பீடத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே, மூச்சுவிட்டு மூச்சுவிட்டு நகருங்கள். படத்தின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்று கண்ணால் தடவிப் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். இடைஞ்சல் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கண் நடுவில் இருக்கும் சிற்பத்தை விட்டு வராது.

கும்பகோணம் பக்கத்திலுள்ள தாராசுரம் சோழர் கோயிலில் வேறு விதமான தொல்லை. அங்கே இசை எழுப்பும் என்று சொல்லப்படும் படிகளுக்கு இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்காகப் போட்டது, அவசியமானதும்கூட. இப்படிக் கம்பி வலை உள்ள இடத்தில் லென்ஸின் முகத்தை வலையை ஒட்டிக் கொண்டுபோய், அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) நன்றாகத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் கல்லில் போகஸ் செய்தால், கம்பி மங்கிக் கரைந்து போய்விடும். இரண்டடி தள்ளி நின்று எடுத்தால் கம்பிதான் படமாகும்.

அப்புறம் வெயில். நிழலே பல இடைஞ்சல்களை விழுங்கிவிடும், ஆனால் எந்தச் சுவரில் எப்போது நிழல் என்று தெரிந்திருக்க வேண்டும். தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய சித்திரையிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும். வடக்குச் சுவர் கோட்டங்களில் (சுவர் மாடங்களில்) இருக்கும் சிற்பங்கள் நன்றாக வெளிச்சம் பெறுவது அந்த மாதங்களில்தான். மற்ற காலத்தில், முக்கியமாக மார்கழி, தையில், தெற்குச் சுவரில் காலையும் மாலையும் சாய்ந்த வெளிச்சம் விழுந்து அதிட்டானத்து (கட்டடத்தின் அடிப்பீடத்து) எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். எடுக்க வேண்டிய சுவரில் வெயிலும், தகரக் கொட்டகையோ பலகையோ இருக்கும் பக்கத்தில் நிழலும் விழும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, வெயில் விழும் பகுதிக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் ஒளியின் அளவு) வைத்தால் நிழலில் உள்ளது இருண்டு அடங்கிவிடும். மார்கழிப் பனி இன்னும் நல்லது. பின்னால் இருக்கும் வீடுகள், செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் அதுவே மூடிவிடும்.

சாயங்காலம் போகஸ் லைட் போடுவதற்கு முன்னால் சில நிமிடங்கள் வானமும் கல்லும் ஒரே மென்மையில் இருக்கும். அதைப் பிடியுங்கள். விளக்கு வந்துவிட்டால் மஞ்சளும் வெள்ளையும் கலந்து எந்தக் கல்லின் நிறமும் சரியாக வராது.

ஆட்களைப் பற்றி. பிரதோஷத்தன்று மாலையில் நந்தி முன்னால் நின்றுகொண்டு கூட்டம் வேண்டாம் என்பது நியாயமில்லை. வார நாளில் காலை நடை திறந்த உடனே போங்கள். அப்போதும் சிலர் இருப்பார்கள். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1838இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டகேர் ஒரு சாலையைப் படம் எடுத்தார். எக்ஸ்போஷர் பல நிமிடங்கள் நீண்டதால் போய்வந்த வண்டியும் ஆட்களும் ஒருவர்கூடப் பதியவில்லை. நின்று பூட்ஸைத் துடைக்கக் கொடுத்தவரும் துடைத்தவரும் மட்டும் படத்தில் விழுந்தார்கள். இன்று லென்ஸுக்கு முன்னால் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் 1/60 வினாடி சுமார் 16 வினாடியாகிவிடும், நடந்து போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் மறையமாட்டார், டகேர் காலத்திலிருந்தே அதுதான் நிலைமை.

ஆனால் இதற்கு ட்ரைபாட் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், ட்ரோனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அனுமதி இல்லாதவர்கள் கேமராவைப் பையின் மேல் தரையில் வைத்து, இடைவெளி விட்டு விட்டு ஒரே சட்டத்தில் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். போட்டோஷாப்பில் எல்லாவற்றையும் அடுக்கி மீடியன் (ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) கொடுத்தால் ஆட்கள் போய்விடுவார்கள். ஒவ்வொரு இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்தால் போதும். அங்கே உண்மையில் இருக்கும் கல்தான் படத்தில் வருகிறது என்பதால் இந்த முறை எனக்குப் பிடிக்கும். கேமராவை வைக்க இடம் தேடிச் சிற்பத்தின் மேலோ பீடத்தின் மேலோ மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நாற்காலி, துடைப்பம், வாளி மாதிரி நகரக்கூடிய பொருளாக இருந்தால் காவலாளியிடம் கேளுங்கள். "அண்ணே, இந்த நாற்காலியை ரெண்டு நிமிஷம் ஓரமா வச்சுக்கலாமா, நானே திரும்ப வச்சிடறேன்" என்றால் முகம் சுளிப்பவர்கள் குறைவு. கேட்காமல் நகர்த்துவதும், நகர்த்தியதை அப்படியே விட்டு வருவதும் அடுத்து வரும் படக்காரருக்குச் செய்யும் கெடுதல்.

எது இடைஞ்சல் என்பதையும் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். விளக்கேற்றும் அம்மா, பிரகாரத்தில் படுத்திருக்கும் பெரியவர், வாசலில் பூ கட்டுபவர் இவர்களெல்லாம் என் கணக்கில் இடைஞ்சல் இல்லை. பெரிய கோயில் வழிபாடு நடக்கிற கோயில். 1010இல் குடமுழுக்குக் கண்ட கோயிலில் நாயக்கர் காலத்து நந்தி மண்டபம் இருக்கிறது, அதே காலத்து முருகன் சன்னதி இருக்கிறது, 1803இல் வெட்டிய மராட்டிய வரலாற்றுக் கல்வெட்டு இருக்கிறது. பிற்காலத்தது எல்லாம் வேண்டாம் என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? பிளாஸ்டிக் வாளியை விலக்குங்கள், ஆளை விலக்குவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஒரு ஆள் நின்றால்தான் இராசராசன் வாயிலின் துவாரபாலகர் எவ்வளவு பெரியவர் என்பதே படத்தில் தெரியும்.

அரண்மனைக்கு ஒரு குறிப்பு. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில், ஒலி ஒளிக் காட்சிக்கான நாற்காலிகளும் கருவிகளும் முற்றத்தில் இருக்கும். அங்கே தலைக்கு மேலே பாருங்கள். இந்தக் காலத்துச் சாமான்கள் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். அதற்கு மேலே வளைவும் சுதை வேலையும் 1636இல் கட்டிய அரண்மனையின் அழகை இன்னும் காட்டுகின்றன.

இப்போது அழிப்பது. செயலியின் மாயத் துடைப்பானை வெறும் வானத்திலும் வெறும் தரையிலும் பயன்படுத்துங்கள், ஆட்சேபம் இல்லை. 1858இல் தஞ்சையையும் மதுரையையும் படம் எடுத்த ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், வெளிறிப்போன வானத்தில் மேகங்களை நெகட்டிவிலேயே வரைந்தவர்தான். அதனால் கோயிலைப் பற்றிய எந்தச் செய்தியும் கெடவில்லை. அவரே பெரிய கோயில் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளப் படமாகத் தந்திருக்கிறார்.

கல்லின் மேல் கை வைப்பதுதான் எனக்குப் பொறுக்காது. சுவரில் ஓடும் ஒயரை அழிக்கச் சொன்னால், ஒயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று செயலிக்குத் தெரியாது. பூதகண வரிசையில் இல்லாத ஒரு முகத்தைச் செய்து வைக்கும். அதிட்டானத்துக் கல்வெட்டில் எழுத்தே அல்லாத கீறல்களைச் சோழ எழுத்து மாதிரியே நிரப்பும். தெரியாதவர் கண்ணுக்கு அது அழகாகத்தான் இருக்கும். நாளைக்கு அந்தச் சுவருக்கு ஏதாவது ஆகி, உங்கள் படத்தை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்று வந்தால்? வராது என்று சொல்ல முடியாது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார். அந்தச் சிலை ஸ்ரீபுரந்தான் சிலைதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த படங்கள். அந்தப் படங்களில் யாராவது அழகுக்காக ஒரு கீறலையோ தேய்மானத்தையோ சரிசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. கட்டடத்தோடு பொருத்தப்பட்ட ஒயர், குழாய், இடிதாங்கி இவற்றை அழிப்பதில்லை. கோணத்தை மாற்றிப் பார்ப்பேன், முடியாவிட்டால் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அதன் நிறம் மட்டும் உறுத்தினால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பேன். நீல வாளியும் சிவப்புப் பலகையும் அதில் பாதி அடங்கிவிடும். துடைத்த படத்தைப் போடும்போது, தரையிலிருந்து எதை எடுத்தேன் என்று கீழே ஒரு வரி எழுதுவேன். கை படாத மூலப் படத்தைத் தேதி, ஊர், எந்தப் பக்கத்துச் சுவர் என்று பெயரிட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். நீங்கள் போனில் எடுப்பவராக இருந்தால், துடைப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சில போன்களில் சேமி என்று அழுத்தியதும் மூலத்தின் மேலேயே எழுதிவிடும்.